வாயால் சொன்ன இடம்

டைலரம்மாவின் வயிற்றை அவள் மகள் தினமும் இரண்டு வேளை அமுக்கிப் பார்ப்பாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் ஒரு தடவை. துணி வெட்டுகிற மேஜைதான் கட்டில். கத்திரிக்கோல், அளவு நாடா, சாக்பீஸ் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு டைலரம்மா அதில் ஏறி மல்லாந்து படுப்பாள். நான் கையிலிருக்கும் சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போனில் நேரம் ஓடும். எட்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும். பரீட்சை வைக்கும் பெரிய டாக்டர் நான்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாத பெரிய டாக்டர்.

இந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாகப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறேன், பட்டன் தைக்கிறேன். அதனால் தெருவுக்கே நான் காஜாக்கா. பள்ளிக்கூடச் சீருடைதான் எங்கள் பிழைப்பு. டைலரம்மா வெட்டி, மிஷினில் ஓட்டித் தள்ளுவாள். காஜா, பட்டன், பிசிறு வெட்டுவது, இஸ்திரி எல்லாம் என் பாடு. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். இவர்களுக்கு ஒரே மகள். தெருவுக்கு அவள் டாக்டர், வீட்டுக்குப் பாப்பா, மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம்.

ஹாஸ்டலில் இடம் கிடைத்தும் பாப்பா போகவில்லை. "நான் போயிட்டா அம்மா சாப்பிடாமக் கிடந்து மிஷினை மிதிச்சே செத்துரும் சித்தி" என்றாள் என்னிடம். போக ஒன்றேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்கால் மணி நேரம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே படித்தாள். வீட்டுக்கு வந்தால் ஒரு கையில் புத்தகம், மறு கையில் பிசிறு வெட்டும் கத்தரி. ஒரு தடவை கவனம் பிசகிச் சட்டைக் காலரையே வெட்டிவிட்டாள். டைலரம்மா அந்தக் காலரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு எவன் குடலை வெட்டப் போறாளோ" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரியும். போன வருஷம் டைலரம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பாப்பா பத்து நாள் அம்மாவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாடம் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதித்தான் மேலே வந்தாள். அன்றிலிருந்து டைலரம்மா இந்த வீட்டில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாள்.

பரீட்சையில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் பகுதிதான் பாப்பாவுக்குக் கண்டம். எழுதுவதெல்லாம் எழுதிவிடுவாள், ஆள் முன்னால் நின்றால் தடுமாறுவாள், நேரம் பத்தாது. அதற்காகத்தான் இந்த இரண்டு வேளைப் பூசை.

"நோயாளியோட வலது பக்கம் நிக்கிறேன். என்னை அறிமுகம் பண்ணிக்கிட்டு, தொட்டுப் பார்க்க அனுமதி கேட்கிறேன்" என்று ஆரம்பிப்பாள்.

"கொடுத்தேன் கொடுத்தேன். சீக்கிரம் அமுக்கு, அடுப்புல சோறு கொதிக்குது."

"அம்மா, நோயாளி பேசக் கூடாது."

"எந்த ஊர்ல நோயாளி பேசாம இருக்கான்?" என்பேன் நான்.

"பெரிய டாக்டரும் பேசக் கூடாது."

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். சில்லென்ற கையை வைத்தால் மார்க்குப் போய்விடுமாம். முழங்காலை மடக்கச் சொல்வாள், வாயால் மூச்சு விடச் சொல்வாள். விரல்களைச் சேர்த்து, மாவு பதம் பார்க்கிற மாதிரி மெல்ல அழுத்திக்கொண்டு போவாள். கல்லீரல், மண்ணீரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாள். எல்லாம் இங்கிலீஷில்தான். அவள் எழுதிக் கொடுத்த பேப்பரைப் பார்த்து நான் டிக் அடிப்பேன்.

முறைப்படி அடிவயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் நாள் அவள் பாவாடை நாடாவைத் தளர்த்தப் போனபோது டைலரம்மா வெடுக்கென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கெல்லாம் வேணாம் பாப்பா. தெருவே பார்க்குது. யூனிபார்ம் வாங்க எவளாவது உள்ள வந்துருவா."

நியாயம்தான். அந்த அறைக்கு ஜன்னலும் வாசலும் தெருவைப் பார்த்தவை, நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

"சரி, தொப்புளுக்குக் கீழ வாயால சொல்லிடறேன். எனக்கும் ஐம்பது செகண்டு மிச்சம்" என்றாள் பாப்பா.

அன்றிலிருந்து அந்த இடம் வாயால் சொல்லும் இடமாகிவிட்டது. "கட்டி எதுவும் தட்டுப்படவில்லை" என்று முடிப்பாள். எனக்குப் புரியவில்லை என்று ஒரு நாள் தமிழில் சொல்லிக் காட்டினாள். பாடத்தில் அந்த ஒரு வரிதான் டைலரம்மாவுக்குப் பிடித்துப்போனது. மேஜையிலிருந்து இறங்கும்போது, "கட்டி கிட்டி ஒண்ணும் இல்லையாம். தைக்கலாம் வா" என்பாள்.

டிரைவர் ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று இதைப் பார்த்தார். "ஆயிரம் பேரைக் கொன்னவன்தான் அரை வைத்தியனாம்" என்றார் மகளிடம். பேசாத மனிதர் பேசியதால் நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நான் முதல் ஆளா இருந்துட்டுப் போறேன்" என்றாள் டைலரம்மா. அதை இப்போது நினைத்தால் என் நாக்கையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தபோது முந்நூற்று நாற்பது செட்டு ஆர்டர் வந்தது. வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி வெந்நீரைக் கடைவது போலச் சுற்றியது. நூல் பிசிறு பறந்து வியர்வைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். மத்தியானம் சோறும் ரசமும் அவித்த முட்டையும். டைலரம்மா பாதி முட்டையைத் தின்றுவிட்டு மீதியை என் தட்டில் தள்ளுவாள்.

"என்னடி, வயிறு உப்பிக்கிட்டே இருக்கு. ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது."

"வெயிலு" என்றேன் நான், பெரிய டாக்டர்.

அவள் தோள் இறங்கிவிட்டது, கழுத்தெலும்பு தெரிந்தது. அவள் சட்டையை இரண்டு பக்கமும் அரை இஞ்சு பிடித்துக் கொடுத்தவள் நான். அதே வாரம் பாவாடைக்கு நாடா பத்தவில்லை என்று ஒரு சாண் ஒட்டுப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். மேலே இளைத்து, கீழே பெருத்த ஒரு உடம்பை அளவு நாடா வைத்து நானே அளந்திருக்கிறேன். ஊரார் உடம்பை அளந்து பிழைக்கிறவளுக்கு அது உறைக்கவில்லை.

ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டு அவளே சொன்னாள். "கீழ என்னமோ கனமா இருக்குடி. குனிஞ்சு துணியைத் தள்ளினா முட்டுது."

"பாப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்ல என்ன இருக்கு? தினம் ரெண்டு வேளை பார்க்குறாளே."

"சொன்னியா, இல்லியா?"

"முந்தாநாள் வாயைத் திறந்தேன். 'நோயாளி பேசக் கூடாது, டைம் ஓடுது'ன்னுட்டா. அப்புறம் அவளே சொல்லிட்டாளே, கட்டி ஒண்ணும் இல்லைன்னு."

"அது பாடம்டி. ஒப்பிக்கிறா. மேலதான் தொடுறா, கீழ வாயால சொல்றா."

"படிச்சவ, தெரியாமலா சொல்லுவா?"

"முக்குல இருக்கிற கிளினிக்குக்கு ஒரு நடை போயிட்டு வா."

"வீட்டுல வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊர்ல நெய்க்கு அலையச் சொல்றியா? கிளினிக்குல போய் நின்னா அவளுக்குச் சேதி போகாதா? போன வருஷம் மாதிரி புஸ்தகத்தை மூடிட்டு வந்து உட்கார்ந்துருவா. பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் உன் ஓட்டை வாயை மூடிக்கிட்டு இரு."

அது பாடம் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைத் தெரிந்துகொண்டு வெளியே நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். பாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு அடுத்த பட்டனுக்குப் போய்விட்டேன். அவள் வாயை மூடச் சொன்னாள் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் முந்நூற்று நாற்பது செட்டும் என் கண்ணை மறைத்தன.

முதல் மழை பெய்த நாள் பாப்பா நனைந்துகொண்டு வந்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அழுது காய்ந்த முகம்.

"இன்னிக்கு வார்டுல மானம் போச்சு சித்தி" என்றாள். டைலரம்மா துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு அம்மாவோட வயித்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார் எங்க சார். மேல எல்லாம் ஒழுங்காப் பார்த்தேன். கீழ பழக்க தோஷத்துல வாயால சொல்லிட்டேன், கட்டி இல்லைன்னு. 'தொட்டியா?'ன்னு கேட்டார். 'தொட்டேன் சார்'னு பொய் சொன்னேன். என் கையைப் பிடிச்சு அங்க வெச்சார். உள்ள பந்து மாதிரி இருக்கு. முப்பது பேர் பார்க்குறாங்க. 'தொடாததைத் தொட்டேன்னு சொல்றவ வெளிய போ'ன்னுட்டார்."

"போறான் விடு. அவன் மட்டும் பொறக்கும்போதே டாக்டரா?" என்றாள் டைலரம்மா.

"இல்லம்மா. இனிமே கீழேருந்துதான் ஆரம்பிக்கணும். ஜன்னலைச் சாத்து சித்தி."

ஜன்னலைச் சாத்தினேன், வாசலுக்குத் தாழ் போட்டேன். மழைச் சத்தம் கூரையின் மேல் கொட்டியது. டைலரம்மா மேஜையில் ஏறிப் படுத்தாள். ஏறுவதற்கு ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். நாடாவை அவிழ்க்கும்போது என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டேன்.

வலது கவட்டைக்கு மேலே விரலை வைத்தாள் பாப்பா. நடுவுக்கு நகர்த்தினாள். கை நின்றுவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தில் "கட்டி எதுவும்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் அடங்கியது.

"அம்மா, எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வா."

"இப்பதானே போனேன்."

"போயிட்டு வாம்மா."

மூத்திரப்பை நிறைந்திருந்தால் அப்படித் தட்டுப்படுமாம், பிறகு சொன்னாள். டைலரம்மா கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பும்வரை பாப்பா மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிடம் அவள் என்னென்ன வேண்டிக்கொண்டாளோ. மறுபடி தொட்டாள். பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்லி விரலால் தட்டிப் பார்த்தாள். மறுபடி நேராகப் படுக்கச் சொன்னாள்.

"என்ன பாப்பா, பாஸா?"

"எவ்ளோ நாளாம்மா?"

"என்னது எவ்ளோ நாளா?"

"அம்மா."

டைலரம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு வாரமா இருக்கும். என்னடி காஜா?"

நான் குனிந்து தரையில் கிடந்த சாக்பீஸைப் பொறுக்கினேன்.

"போனை நிறுத்து சித்தி" என்றாள் பாப்பா. அது பாட்டுக்கு ஓடி பதினான்கு நிமிடத்தைத் தாண்டியிருந்தது.

மறுநாள் அவள் படிக்கும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் பக்கத்தில் கட்டி, வயிற்றுக்குள் நீர், அங்கங்கே பரவியிருக்கிறது என்றார்கள். வார்டைச் சுற்றி வந்த பெரிய டாக்டர் யார் என்றால், இவளை வெளியே போகச் சொன்ன அதே சார். பின்னால் பாப்பாவோடு படிக்கிற பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக நின்றார்கள். பாப்பா கட்டிலின் தலைமாட்டில் வெள்ளைக் கோட்டு இல்லாமல் நின்றாள்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு வாரம் சார்."

"ஒரு வாரத்துல இவ்ளோ பெருசு வராதே?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரு வாரம்தான் சார். என் பொண்ணுதான் கையை வெச்சே கண்டுபிடிச்சா. நான் ஒண்ணுமே சொல்லல. அவளாத் தொட்டுப் பார்த்துச் சொல்லிட்டா."

அவர் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது போல. தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நல்ல கை" என்றார்.

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் பாப்பா வெளியே ஓடினாள். வராந்தாக் கோடியில் குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தடவிவிட்டேன்.

"நாலு மாசம் சித்தி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. இருநூறு தடவைக்கு மேல இல்லைன்னு சொல்லியிருக்கேன்."

"நீ பாடம் சொன்னே கண்ணு."

"அம்மா அதை நம்பிச்சு. இல்ல?"

குழாயைத் திறந்து அவள் முகத்தைக் கழுவிவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா? அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாடாவுக்கு ஒட்டுப் போட்டது, சட்டையை அரை இஞ்சு பிடித்துக் கொடுத்தது, இரண்டு மாதம் எல்லாவற்றையும். "என்கிட்ட என்னத்தைச் சொல்லுவா?" என்றேன். அம்மா அங்கே பொய் சொல்லி மகளைக் காப்பாற்றினாள். நான் இங்கே பொய் சொல்லி என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். பாப்பா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டிரைவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, இது தேறாதுன்னு மூடுவானே, அந்த மாதிரி மூடிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். வேனுக்கு வேறு ஆள் இல்லை.

பாப்பா பரீட்சைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். டைலரம்மா கட்டிலில் எழுந்து உட்கார முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டாள்.

"போன வருஷமும் என்னால போச்சு. இந்த வருஷமும் என்னாலயா?"

"அடுத்த தடவை எழுதிக்கிறேம்மா. உன் பக்கத்துல இருக்கேன்."

"அடுத்த தடவை நான் கேட்க இருக்க மாட்டேன். நான் இருக்கும்போது பாஸாகு. இல்லேன்னா மருந்து மாத்திரை ஒண்ணும் வாயில வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னபடி அன்று முழுவதும் மாத்திரையைத் தொடவில்லை. மறுநாள் காலை பாப்பா கோட்டை மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள். சாயங்காலம் வந்தவளிடம், "என்ன கேஸ் வந்துச்சு?" என்று கேட்டேன். "வயிறு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பாஸாகிவிட்டாள். டிரைவர் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்து தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். மீதமிருந்த சீருடைகளை நான் வெளியில் கொடுத்துத் தைத்து முடித்திருந்தேன். எங்கள் மிஷின் மேல் துணி போட்டு மூடிக் கிடந்தது.

டைலரம்மாவை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். வெட்டும் மேஜையைச் சுவரோரம் நகர்த்திவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டோம். கஞ்சி இரண்டு கரண்டி, வலி மாத்திரை, கஞ்சி இரண்டு கரண்டி என்று நாள் போயிற்று. தெம்பு இருக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு அந்தக் கதையைத்தான் சொல்லுவாள். ஸ்கேனுக்கு முந்தியே தன் மகள் கையை வைத்துக் கண்டுபிடித்ததையும், பெரிய டாக்டர் தோளில் தட்டிக் கொடுத்ததையும். ஒவ்வொரு தடவையும் பாப்பா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும்.

"அந்தக் கதையை விடேன்டி. புள்ளைக்கு நெஞ்சு வேகுது" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"நான் போனப்புறம் ஊர் என்ன சொல்லும்? டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு வீட்டுலயே இருந்தும் ஆத்தாளைச் சாகக் கொடுத்துட்டான்னு சொல்லும். அதுக்கு முன்னாடி நான் சொல்லி வெச்சுடறேன்" என்றாள்.

கதை பரவினால் ஆள் வராமலா இருக்கும்? போன ஞாயிற்றுக்கிழமை காலை மளிகைக் கடைக்காரர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"கையை வெச்சே சொல்லிடுறியாமே பாப்பா. எனக்கு ஒரு மாசமா இங்க ஒரு வலி. கொஞ்சம் பாரேன்."

"நான் இன்னும் முழு டாக்டர் இல்ல அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் பாப்பா. குரல் கிறீச்சிட்டது.

"பாரு பாப்பா" என்றாள் டைலரம்மா கட்டிலிலிருந்து. "நம்பி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே."

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மளிகைக் கடைக்காரர் வெட்டும் மேஜையில் ஏறிப் படுத்தார். ஜன்னலைச் சாத்தினாள். அவர் வேட்டியை இறக்கச் சொல்லி, உள்ளங்கைகளைத் தேய்த்து, கீழ்வயிற்றில் தொடங்கினாள். விரல்கள் ஒரு இஞ்சு நகர்வதற்கு ஒரு யுகம் ஆனது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"என்னம்மா, ஒண்ணும் இல்லதானே?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியல அண்ணா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போவேன்."

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மூன்றாம் தடவையாக அவர் வயிற்றில் கையை வைத்தாள்.

டைலரம்மாவின் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. எலும்பும் தோலுமான பிடி.

"பார்த்தியா, எவ்ளோ பொறுமையாப் பார்க்குறா" என்றாள். பிறகு மகளுக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தினாள். "எனக்கும் இப்படித்தானே தினம் பார்த்தா? நீதான் பக்கத்துல நின்னியே, சொல்லு காஜா."

மேஜைக்கு முன்னால் குனிந்திருந்த முதுகு அசையாமல் நின்றது.

"ஆமா" என்றேன். "இப்படித்தான் பார்த்தா."